தினமும் ஓடும் சைக்கிளை அமைத்துக்கொள்வது எப்படி?

தினமும் வேலைக்கோ வகுப்புக்கோ போகும் சைக்கிளை அமைக்க உட்காருகிறவர்கள் பலரும் கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். கூடையை மாட்டிய பிறகுதான், முன்விளக்கின் வெளிச்சம் ரோட்டில் விழாமல் கூடையின் முதுகில் அடிப்பது தெரிகிறது. மட்கார்டு போட்டபின் அகலமான டயர் வாங்கினால் இரண்டும் உரசுகின்றன. ஹேண்டில்பாரை நாலு விரற்கடை தூக்கினால் பிரேக் கேபிள் இழுபட்டு, வண்டியைத் திருப்பும்போதெல்லாம் பிரேக் தானாகப் பிடிக்கிறது. சைக்கிளில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். அதனால் வேலையின் வரிசைதான் முக்கியம். முதலில் உடம்பு உட்காரும் விதம், பிறகு டயர், அடுத்து பிரேக், செயினும் கியரும், அதற்கப்புறம் மட்கார்டு, கேரியர், கடைசியாக விளக்கு.

கருவிகள் அதிகம் வேண்டாம். 4, 5, 6 மி.மீ. அலன் கீ, 8, 10, 15 மி.மீ. ஸ்பானர், ஒரு திருப்புளி, சுத்தியல், இரண்டு டயர் லீவர், பஞ்சர் பெட்டி, கொஞ்சம் கிரீஸ், அளவுமானி உள்ள ஒரு தரைப் பம்ப். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதது அளவுமானி. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது 30 பிஎஸ்ஐக்கும் (காற்றழுத்தத்தின் அளவு) 40க்கும் வித்தியாசம் சொல்லும். 50க்கும் 70க்கும் சொல்லாது.

உட்காரும் உயரம்

தினமும் ஓட்டும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு, சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தி ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுசாக நீண்டு, முழங்கால் அப்போதுதான் நேராக வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால்தான் குதிகால் எட்டுகிறது என்றால் சீட் உயரம் அதிகம். குதிகால் எட்டியும் முழங்கால் மடிந்தே இருந்தால் குறைவு. இப்படி வைத்தபின், ஓட்டும்போது வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும்.

இது தொடக்க அளவுதான். மீதியை உடம்பு சொல்லும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது. முழங்காலின் பின்பக்கம் இழுத்தால், அல்லது பின்னால் வருகிறவர் உங்கள் இடுப்பு இடம் வலமாக ஆடுவதாகச் சொன்னால், சீட் உயரமாக இருக்கிறது. மாற்றும்போது ஒரே தடவையில் 5 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த 5 மி.மீ.க்குப் போகலாம். சரியான இடம் கிடைத்ததும் சீட் கம்பியில் ஒரு சுற்று டேப் ஒட்டி வைத்துவிட்டால், யாராவது இரவல் வாங்கி இறக்கிவிட்டாலும் கவலை இல்லை.

சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதியவேண்டும் என்று பலர் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். சாதாரண ஃபிரேமில் அதுவும் சரியான மிதி உயரமும் ஒன்றாகக் கிடைக்காது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகுவதுதான் வழி. நெரிசலில் நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கவேண்டிய பாதை என்றால் 1 முதல் 2 செ.மீ. வரை தாழ்த்திக்கொள்வதில் தப்பில்லை. அதற்கும் கீழே போனால் முழங்கால்தான் கணக்குத் தீர்க்கும்.

சீட் கம்பியில் ‘இதற்கு மேல் தூக்காதே’ என்று ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. கோடே இல்லாத பழைய கம்பி என்றால், கம்பியின் அடிமுனை மேல் பார் இணையும் இடத்தையும் தாண்டிக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் எடை முழுவதும் ஃபிரேமின் வாயில் விழுந்து, குழாய் அங்கே விரிசல் விடும். உலோகக் கம்பியும் உலோக ஃபிரேமும் என்றால், செருகும் முன் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். தடவாத கம்பி மழையில் துருவேறி உள்ளேயே பற்றிக்கொள்ளும். அதை அப்புறம் எடுப்பது ஒரு நாள் வேலை.

சீட்டை முன்பின் நகர்த்த ஒரு நூல் குண்டு போதும். பெடல்கள் இரண்டும் தரைக்குக் கிடையாக இருக்கும்போது, முன்கால் முழங்காலின் முன்புறத்திலிருந்து நூலைத் தொங்கவிட்டால் அது பெடல் அச்சின் மேலோ சற்றுப் பின்னாலோ விழவேண்டும். சீட்டின் மேல்மட்டம் கிடையாக இருக்கட்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் தொடை நடுவில் மரத்துப்போகும். கீழே இறங்கியிருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, அந்தப் பாரத்தை உள்ளங்கை தாங்கும். கை மரத்துப்போகிறது என்று கிரிப் மாற்றுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது சீட்டின் சாய்வை.

சீட்டின் அகலம் நீங்கள் எவ்வளவு நிமிர்ந்து உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிமிர்ந்தால் பாரம் முழுவதும் உட்காரும் எலும்புகள் இரண்டின் மேல் இறங்குகிறது, அகலமான சீட் வேண்டும். குனிந்து ஓட்டினால் குறுகிய சீட்டே தொடையை உரசாது. மெத்துமெத்தென்ற தடித்த ஜெல் சீட் முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். பிறகு எலும்பு உள்ளே புதைய, நடுப்பகுதி பிதுங்கி மேலே அழுத்தும். அரை மணிக்கு மேல் ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் கெட்டியான சீட்தான் நல்லது.

ஹேண்டில்பார்

தினசரி ஓட்டத்துக்கு ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்திலோ அதற்கு 5 செ.மீ. மேலேயோ இருந்தால் போதும். அதை உயர்த்தும் முறை இரண்டு வகை. கழுத்துக் குழாய்க்குள் ஒரு தண்டு இறங்கி, உச்சியில் ஒற்றை போல்ட் இருந்தால் அது பழைய வகை. அந்த போல்ட்டை மூன்று நாலு சுற்று தளர்த்துங்கள், முழுசாகக் கழற்ற வேண்டாம். போல்ட் தலை மேலே எழும்பி நிற்கும். அதன் மேல் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும். வேண்டிய உயரத்தில் வைத்து, முன் சக்கரத்தோடு நேராகப் பார்த்து இறுக்குங்கள். பலர் ஆப்பைத் தட்டாமல் ஹேண்டிலைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதில் வளைவது முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்தான். இந்தத் தண்டிலும் எல்லைக் கோடு உண்டு.

புதிய வகையில், ஹேண்டில்பாரைக் கழுத்தோடு இணைக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டில் இரண்டு போல்ட் இருக்கும், உச்சியில் ஒரு மூடி. மூடியின் போல்ட் ஹேண்டிலைப் பிடிப்பதற்கல்ல, கழுத்துக்குள் இருக்கும் பால்ரஸின் (குண்டுகள் உருளும் வளையம்) ஆட்டத்தை எடுப்பதற்கு. முதலில் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, ஸ்டெம்முக்கு மேலே இருக்கும் வளையங்களைக் கீழே மாற்றுங்கள். மூடியை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் இறுக்குங்கள். அப்புறம் பக்கவாட்டு போல்ட்டுகளை மாறிமாறி 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு, அல்லது ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். சோதிக்க, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் விரல் வைத்தால் ‘டொக் டொக்’ என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். ஹேண்டில் திரும்ப மறுத்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

இப்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது கேபிள் விறைத்தால் நீளமான கேபிள் போடும் வரை ஹேண்டிலை இறக்கிவிடுங்கள். பிரேக் லீவர், கை நீட்டினால் முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி சாய்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டு மடிந்தால் பத்தே நாளில் வலி தொடங்கும். சிறிய கை என்றால், பல லீவர்களில் உள்ள சின்னத் திருகைத் திருகி லீவரை கிரிப்புக்கு அருகே கொண்டுவரலாம்.

பெடல் மாற்றுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இடது பெடலின் மரை எதிர்த்திசை. ஸ்பானர் பெடலிலிருந்து மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிக்கொண்டு, முன் சக்கரம் பக்கமாகச் சாய்த்தால் இரண்டு பெடலும் இறுகும். பின் சக்கரம் பக்கமாகச் சாய்த்தால் இரண்டும் கழலும். கையால் முதல் மூன்று சுற்று போகவில்லை என்றால் ஸ்பானரைத் தொடாதீர்கள். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் அலுமினியம் என்றால், அதன் மரை அப்படித்தான் வீணாகிறது.

டயர்: எண்ணைப் படித்து வாங்குங்கள்

டயர் வாங்கி வந்து ரிம்மில் ஏறவில்லை என்ற புலம்பலுக்குக் காரணம் அங்குலக் கணக்கு. 28 × 1½ என்று எழுதிய டயரின் ரிம் விட்டம் 635 மி.மீ.; 28 × 1⅝ × 1⅜ என்றால் 622 மி.மீ. இரண்டும் ‘28 அங்குலம்’தான், ஒன்றுக்கொன்று பொருந்தாது. 26 அங்குலத்திலும் இதே கூத்து. 26 × 1.75 என்றால் 559, 26 × 1⅜ என்றால் 590. பள்ளிக்கூடக் கணக்கில் 1½ம் 1.5ம் ஒன்று, டயர் கணக்கில் வேறுவேறு. பின்னமாக எழுதியதும் தசமமாக எழுதியதும் ஒரே ரிம்முக்கு என்று நம்பி வாங்கினால் பணம் போச்சு. 700சி என்று எழுதியிருந்தால் அது 622. மடக்கு சைக்கிளின் 20 அங்குலம் பெரும்பாலும் 406, சிலவற்றில் 451.

டயரின் பக்கச்சுவரில் 37-622 போல இரண்டு எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம் விட்டம். இரண்டாவது எண் பழைய டயரோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். முதல் எண்ணில் இடம் இருக்கும் வரை விளையாடலாம். தினசரி ஓட்டத்துக்கு 35 முதல் 42 மி.மீ. நல்ல அகலம். ஆனால் வாங்கும் முன் போர்க்குக்கும் டயருக்கும் நடுவே, பின்பக்கம் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து, மட்கார்டுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

செலவழிக்கக் கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் கியரை மேம்படுத்தாமல் டயருக்குப் போடுங்கள். உள்ளே தடித்த பாதுகாப்புப் பட்டை உள்ள டயர் கனம். உருள்வதும் சற்று மந்தம். ஆனால் முள்ளும் கண்ணாடியும் டியூபை எட்டாமல் பெரும்பாலும் தடுத்துவிடும். நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டியவருக்கு அந்த மந்தம் ஒரு பொருட்டல்ல.

காற்று எவ்வளவு? ஓட்டுகிறவர், வண்டி, சுமை எல்லாம் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், 37 மி.மீ. டயருக்குப் பின்னால் 55 முதல் 60 பிஎஸ்ஐ, முன்னால் 45 என்று தொடங்குங்கள். 32 மி.மீ. என்றால் பின்னால் 70க்கு மேல், 42 மி.மீ. என்றால் பின்னால் 50க்குள். நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில் எடையின் பெரும்பங்கு பின் சக்கரத்தில் விழுகிறது, அதனால்தான் பின்னால் அதிகம். எடை பத்து சதவீதம் கூடினால் காற்றையும் ஏறக்குறைய அந்த அளவு கூட்டுங்கள். பக்கச்சுவரில் எழுதியிருப்பது தாங்கும் உச்சம். அதுவரை அடித்தாகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கல்லாக அடித்த டயரில் வண்டி வேகமாகப் போவதுபோல் தோன்றும். குண்டுகுழி ரோட்டில் உண்மையில் துள்ளித்துள்ளி வேகத்தை இழக்கும். ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். பஞ்சரே இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

வால்வு மூன்று வகை. மோட்டார் வண்டி மாதிரித் தடித்தது ஒன்று. மெல்லிய, முனையில் குட்டி நட் உள்ளது ஒன்று, இதில் நட்டைத் தளர்த்தாமல் காற்று ஏறாது. பழைய சைக்கிள்களில் ரப்பர் வால்டியூப் போட்டது ஒன்று. வால்டியூப் வகையில் ஒரு துண்டு ரப்பர் எப்போதும் பையில் இருக்கட்டும். வெயிலில் ரப்பர் இறுகி வெடித்தால் டியூப் நன்றாக இருந்தும் காற்று நிற்காது. மெல்லிய வால்வுக்கு ரிம்மில் 6.5 மி.மீ. துளை போதும், தடித்ததற்கு 8.5 வேண்டும். பெரிய துளையில் மெல்லிய வால்வைப் போட்டால் அது ஆடி ஆடி அடியில் கிழியும்.

பஞ்சர் ஆனால் ஒட்டும் முன் காரணத்தைப் பாருங்கள். டியூபின் வெளிப்புறம் ஒரு துளை என்றால் முள் அல்லது கண்ணாடி. பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவு. குழியில் விழுந்தபோது ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. ரிம் பக்கமாகத் துளை என்றால் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக்ஸ் முனை குத்துகிறது. வால்வின் அடியில் கிழிந்தால் அந்த டியூபை ஒட்டிப் பயனில்லை. டயரை மாட்டும்போது அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேரே வரும்படி மாட்டி வைத்தால், டியூபில் துளையைக் கண்டதும் டயரில் முள் எங்கே என்று உடனே சொல்லிவிடலாம். முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி தள்ளவேண்டியதுதான்.

ஒட்டும்போது பெரும்பாலும் அவசரம்தான் கெடுக்கிறது. உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஒட்டும் துண்டைவிடப் பெரிய வட்டமாகச் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். ஈரம் மினுக்குவது மறையும்வரை, ஏறக்குறைய ஐந்து நிமிடம், சும்மா இருங்கள். ஈரமாக இருக்கும்போதே வைத்த ஒட்டு காற்று அடித்ததும் உரிந்துவரும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். டயரை ஏற்றும்போது வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வில் முடித்தால் லீவர் இல்லாமலேயே ஏறும். லீவர் போட்டு ஏற்றுகிறவர்கள்தான் புது டியூபில் புது ஓட்டை போடுகிறார்கள்.

பிரேக்

கட்டை ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் மூன்று விஷயம் பார்க்கவேண்டும். கட்டை முழுவதும் ரிம்மின் மேல் விழவேண்டும். மேலே ஏறினால் டயரை அறுக்கும், கீழே இறங்கினால் ரிம்முக்கு அடியில் மாட்டி ஸ்போக்ஸில் சிக்கும். ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஏறக்குறைய 1 மி.மீ. முன்னதாக ரிம்மைத் தொடவேண்டும், இல்லையென்றால் கிரீச்சிடும். இதற்குச் சுலபமான வழி, ஒரு தடித்த அட்டைத் துண்டைக் கட்டையின் பின்முனையில் செருகி, பிரேக்கைப் பிடித்தபடியே கட்டையின் நட்டை இறுக்குவது. அட்டையை எடுத்தால் சாய்வு தானாக வந்திருக்கும்.

வி பிரேக்கில் (ரிம்மின் இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கைகள் உள்ள வகை) ஒரு கட்டை மட்டும் உரசுகிறது என்றால், உரசும் பக்கத்துக் கையின் அடியில் இருக்கும் சின்னத் திருகை கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஸ்பிரிங் வலுத்து அந்தக் கை விலகும். லீவரை எவ்வளவு அழுத்தினாலும் அது கிரிப்பைத் தொடக் கூடாது. தொட்டால் கேபிளை இழுத்துக் கட்டுங்கள். வி பிரேக்குக்கு அதற்கான லீவரே வேண்டும். டயருக்கு மேலிருந்து கவ்வும் பழைய கேலிப்பர் பிரேக்கின் லீவர் போட்டால் அது குறைந்த நீளம்தான் கேபிளை இழுக்கும். லீவர் கிரிப்பைத் தொட்டபின்னும் வண்டி நிற்காது.

கேபிளுக்குப் பதில் கம்பி பிரேக் உள்ள பழைய சைக்கிளில் ஒரு சிக்கல் இருக்கிறது. செயினை இறுக்கப் பின் சக்கரத்தை நகர்த்தினால் ரிம்மும் நகர்கிறது. எனவே செயின் வேலை முடிந்ததும் பின் பிரேக்கின் கம்பி இணைப்பை மறுபடி சரிசெய்யாமல் ஏறாதீர்கள். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதி காணாமல் போகும். மழையில் நிற்கவேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே கட்டையை லேசாகத் தொடவைத்து, ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிட்டுத்தான் அழுத்தவேண்டும். அலுமினிய ரிம்முக்கு மாறுவதைவிடப் பெரிய பிரேக் முன்னேற்றம் அந்த வண்டிக்கு இல்லை.

டிஸ்க் பிரேக்கில் தட்டின் மேல் எண்ணெய் படவே கூடாது, விரல் ரேகை உட்பட. செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிக்கிறவர்கள் பின் டிஸ்க்கை மறந்துவிட்டு, மறுநாள் பிரேக் கத்துகிறது என்று திகைப்பார்கள். புது பேட் போட்டால் மிதமான வேகத்திலிருந்து இருபது தடவையாவது அழுத்தி வேகத்தைக் குறைத்துப் பழக்குங்கள். அதுவரை அது முழுப் பிடி பிடிக்காது.

பெடலைப் பின்னோக்கி மிதித்து நிறுத்தும் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) என்றால், இடது பக்கம் நீட்டியிருக்கும் இரும்புக் கையை ஃபிரேமோடு பிணைக்கும் கிளிப் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றால் பிரேக் இல்லை. அந்தக் கை சுழன்று ஸ்போக்ஸை ஒடிக்கவும் செய்யும்.

செயினும் கியரும்

ஒற்றை கியர் வண்டியில் செயின் நடுவே விரலால் அசைத்தால் மேலும் கீழுமாக 10 முதல் 12 மி.மீ. ஆடவேண்டும். ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல்சக்கரம் பெரும்பாலும் துல்லியமான வட்டமாக இருக்காது, எனவே கிராங்கை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் அளக்கவேண்டும். அங்கே ஆட்டமே இல்லையென்றால் பால்ரஸ் தேயும்.

தேய்மானத்தை ஓர் அளவுகோலால் கண்டுவிடலாம். ஒரு பின்னின் நடுவில் சுழியத்தை வைத்தால் 24 கண்ணிகள் தள்ளி இருக்கும் பின்னின் நடு 304.8 மி.மீ.யில், அதாவது 12 அங்குலத்தில், விழவேண்டும். 1.6 மி.மீ. தள்ளிப்போனால் பல கியர் வண்டியில் செயினை மாற்றுங்கள். 3 மி.மீ.க்கு மேல் போனபின் புதுச் செயின் மட்டும் போட்டால் தேய்ந்த பல்லில் வழுக்கும். பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றவேண்டி வரும்.

எண்ணெய் போடுவது ஓர் உருளைக்கு ஒரு சொட்டு. போட்டுச் சுற்றி, சில நிமிடம் விட்டு, வெளிப்புறத்தைத் துணியால் ஒட்டத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளே. வெளியே நிற்பது புழுதியைப் பிடித்து அரைக்கும் மாவாக மாறும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகும், போடாதீர்கள்.

ஒற்றை கியர் கனமாக இருக்கிறது என்று வண்டியையே மாற்ற நினைக்கிறவர்கள் ஒரு பல்சக்கரக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்றால் கிராங்க் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5.5 மீட்டர் போகும். பின்னால் 20 பல் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்) போட்டால் 4.9 மீட்டர். மேட்டிலும் சுமையிலும் அந்த வித்தியாசம் தொடைக்குத் தெரியும். சமதளத்தில் காலை சற்று வேகமாகச் சுற்றவேண்டி வரும், அவ்வளவுதான்.

ஹப்புக்குள் கியர் உள்ள வண்டியில் சரிசெய்ய ஒரே கேபிள்தான். ஸ்டர்மி ஆர்ச்சர் 3 கியர் ஹப்பில் நடு கியரில் வைத்து, வலது நட்டின் துளை வழியாக உள்ளே இருக்கும் குறிக்கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹப்களில் இது தவறினால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் வரும். எழுந்து நின்று மிதிக்கும்போது கால் வெற்றிடத்தில் இறங்கிவிடும். ஷிமானோ நெக்ஸஸ் 7, 8 கியர் ஹப்களில் 4ஆம் கியரில் வைத்து ஹப்பின் மேல் உள்ள இரண்டு நிறக்கோடுகளையும் ஒன்றாக்கினால் வேலை முடிந்தது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லர் வெளியே உள்ள வண்டியில் செயின் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது, சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் இறுகியிருக்கிறது அல்லது உறைக்குள் அழுக்கு. கேபிள் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக மாற்றிப் பாருங்கள்.

மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு

மட்கார்டு டயரைவிட 8 முதல் 10 மி.மீ. அகலமாக இருக்கட்டும், 37 மி.மீ. டயருக்கு 45 அல்லது 47. டயருக்கும் அதற்கும் நடுவே சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். இடைவெளி குறைந்தால் சேறும் குச்சியும் சிக்கும். பின்னால் சிக்கினால் சத்தம். முன்னால் சிக்கினால் சக்கரம் நின்று ஆள் ஹேண்டிலைத் தாண்டி விழுவார். அதனால் முன் மட்கார்டின் கம்பிகள், சிக்கல் வந்தால் தாமே கழன்றுகொள்ளும் கிளிப் உள்ளவையாக இருப்பது நல்லது. முன் மட்கார்டின் அடியில், தரைக்கு ஒரு விரல் நீளம் மேலே வரை தொங்கும் ரப்பர் மடலும் வேண்டும். கால் நனையாமல் இருப்பதும், செயினில் சேறு தெறிக்காமல் இருப்பதும் அந்த ஒரு மடலால்தான்.

கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும், பலவற்றில் 25. அதைத் தாங்குவது நான்கு எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட்டுகள். வலது பக்க அடி போல்ட் நீளமாக இருந்தால் உள்ளே நீட்டிக்கொண்டு செயினையோ ஃப்ரீவீலையோ உரசும். மாட்டியபின் எல்லா கியரிலும் சுற்றிப் பாருங்கள். பக்கப் பைகளைத் தொங்கவிட்டால், மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்காத அளவு பின்னால் தள்ளுங்கள். கனமானது பையின் அடியில், சக்கர அச்சுக்கு அருகே. அதே கனத்தைக் கேரியரின் மேல் கட்டினால் எழுந்து மிதிக்கும்போது வண்டி வாலை ஆட்டும். முன் கூடையில் போட்டால் ஹேண்டில் தானாகத் திரும்பும். கூடைக்கு இரண்டு மூன்று கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுமை நிரந்தரமாகப் பின்னால் ஏறியபின் பின் டயர்க் காற்றை மறுபடி கணக்கிடுங்கள்.

சைடு ஸ்டாண்டைப் பின் குழாய்கள் இரண்டையும் கவ்வும்படி அழுத்தி இறுக்கினால் மெல்லிய குழாய் நசுங்கும். ஸ்டாண்டுக்கென்று தட்டு பற்றவைத்த ஃபிரேமில்தான் அங்கே மாட்டவேண்டும். சுமையோடு நிறுத்துகிறவர்களுக்கு இரட்டைக் கால் ஸ்டாண்டு நல்லது.

விளக்கு

இப்போதுதான் விளக்கு, ஏனென்றால் கூடை எங்கே, கேரியர் மேல் மூட்டை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் இப்போதுதான் தெரியும். பின் விளக்கு மூட்டையோ சட்டையோ மறைக்காத இடத்தில், முன் விளக்கு கூடைக்கு முன்னாலோ போர்க் தலையிலோ இருக்கட்டும்.

முன் விளக்கைத் திருப்பி வைக்க ஒரு சுவர் போதும். சுவரிலிருந்து விளக்கு 5 மீட்டர் தள்ளி இருக்கும்படி வண்டியை நிறுத்தி, வழக்கமான சுமையை ஏற்றி, நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள். விளக்கு தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருந்தால் வெளிச்சத்தின் நடு சுவரில் 40 செ.மீ. உயரத்தில் விழவேண்டும். அப்படியென்றால் ரோட்டில் அது 10 மீட்டர் தள்ளி விழும். இதைவிட மேலே தூக்கினால் உங்களுக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியாது, எதிரே வருகிறவருக்குத்தான் கண் கூசும்.

சக்கரத்தின் பக்கத்தில் உரசி ஓடும் டைனமோவை மாட்டும்போது அதன் அச்சை நீட்டிப் பார்த்தால் சக்கரத்தின் நடு அச்சுக்கு நேரே போகவேண்டும். கோணல் என்றால் இழுவை, சத்தம், டயர் தேய்மானம் மூன்றும் வரும். பழைய டைனமோக்களில் விளக்குக்கு ஒரே ஒயர்தான், திரும்பும் பாதை ஃபிரேம். கிளாம்பில் உள்ள கூர் திருகு பெயின்டைக் குத்தி உலோகத்தைத் தொட்டால்தான் விளக்கு எரியும். ஹப் டைனமோ பெரும்பாலும் 6 வோல்ட், 3 வாட். இழுவை குறைவு, மழையில் வழுக்காது, பேட்டரி போட மறந்தோமே என்ற பேச்சும் இல்லை. தினமும் இருட்டில் ஓட்டுகிறவர் அடுத்த முறை முன் சக்கரம் மாற்றும்போது இதை யோசிக்கலாம்.

பூட்டு எதுவானாலும் ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்து, தரையில் புதைந்த ஏதாவது ஒன்றோடு பூட்டுங்கள். கைப்பிடி லீவரால் கழலும் சக்கரத்தையும் சீட்டையும் நட், போல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் நூறு கிலோமீட்டர்

புதிதாக இறுக்கிய எதுவும் முதல் சில நாளில் கொஞ்சம் இடம் பிடித்துத் தளரும். 100 கி.மீ. ஓடியதும் கேரியர், மட்கார்டு, ஸ்டெம், சீட் போல்ட்டுகளை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பிரேக் கேபிள் சற்று இறங்கியிருக்கும், லீவர் அருகே உள்ள திருகில் எடுத்துவிடலாம். ஸ்போக்ஸ் கம்பிகளை வீணை மீட்டுவதுபோல் ஒவ்வொன்றாகச் சுண்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். ‘தப்’ என்று மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. அதை விட்டுவைத்தால் பக்கத்துக் கம்பி பாரம் தாங்கி உடையும், ரிம்முக்குப் பெண்டு எடுக்கவேண்டி வரும்.

வண்டியை ஐந்து செ.மீ. தூக்கித் தரையில் போட்டால் கேட்கும் சத்தத்தில் எது ஆடுகிறது என்று தெரிந்துவிடும். மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை ‘கடக்’ என்று கேட்டால் கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னோ கிராங்க் போல்ட்டோ தளர்ந்திருக்கிறது. இதை மட்டும் வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். தளர்ந்த கிராங்கை மிதித்துக்கொண்டே போனால் அதன் சதுரத் துளை உருண்டையாகிவிடும். அதன்பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது, கிராங்கையே மாற்றவேண்டும்.